ஐந்தாவது வரிக்குப் பதில்

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். டாக்டருக்கு உடம்புக்கு வந்தால் அது தொழிலுக்கே அவமானம் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன், அம்மா இருவருக்கும் பொதுவாக அழுகிறாள். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எழுத்துதான் பெரிதாகும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி வகுப்பு. கடிதத்தோடு இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். விரல் மூடிய வெள்ளை ஷூ இரண்டு ஜோடி. வினாடி முள் உள்ள கடிகாரம், அதையும் கையில் கட்டக் கூடாது, சட்டையில் குத்திக்கொள்ள வேண்டுமாம். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. தடுப்பூசி அட்டை. வகுப்பு தொடங்கும் முன் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் நூற்றிருபது மணி நேரம் உதவியாளாக வேலை பார்த்ததற்குக் கையெழுத்து. மனக்கஷ்டம் ஏதும் இருந்தால் ஜூலைக்குள் பட்டு முடித்துவிட்டு வரவும் என்பதை மட்டும்தான் போட மறந்துவிட்டார்கள்.

பட்டியலின் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஜூலை 15 அன்று அசல் சான்றிதழ்களை நேரில் காட்ட வேண்டும். நகல் செல்லாது. காட்டாதவரின் இடம் அன்று மாலையே காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

என் அசல்கள் உன்னிடம் இருக்கின்றன. பிப்ரவரியில் வந்தபோது, "கோச்சிங் கிளாஸ்ல காட்டணும், குடுடி" என்று நீல உறையோடு வாங்கிக்கொண்டு போனாய். நான் கோச்சிங் போகப் போவதில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வை இன்னொரு முறை எழுதவும் போவதில்லை. தயவுசெய்து பதிவுத் தபாலில் அனுப்பிவை.

அம்மா சீருடைக்கு அளவெடுக்கத் தொடங்கிவிட்டாள். பிளவுஸ் தைக்கத் துணி கொடுக்க வருகிறவர்களிடம், "ரெண்டு பொண்ணுங்களும் மெடிக்கல் லைன்" என்கிறாள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. தையல்காரிக்குத்தான் இப்படி மடித்துத் தைக்க வரும்.

உன்
பூச்சி

*

ஏப்ரல் 21

அடி பூச்சி,

இந்தக் காகிதத்தின் தலையில் அச்சடித்திருக்கும் மாத்திரை விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வேறு காகிதம் தேட எனக்கு நேரமில்லை. உன் கடிதத்தைக்கூட வார்டில் நின்றுகொண்டேதான் படித்தேன்.

மூன்று நூலகத்தின் புத்தகத்தை முடித்தவள் நீ. பத்து வயதில் அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தவள். புத்தகப் பூச்சி என்று உனக்குப் பெயர் வைத்ததே நான்தான். அந்த மூளையை எதற்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய்? சொல்லவே கூசுகிறது. நர்ஸ் வேலை என்பது பெட்பேன் கழுவும் வேலை. படுத்தவர்களின் மலச்சட்டியைக் கழுவ இங்கிலீஷில் மூன்று வருடப் பாடம் வைத்துத் தலையில் தொப்பி மாட்டிவிட்டால் அது படிப்பாகிவிடாது.

நீ ஒரு முறைதான் தேர்வு எழுதினாய். அதுவும் தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்கத் தலையணை தடிமனில் நாவல் படித்தாய். ஒரு வருடம் ஒழுங்காக உட்கார்ந்தால் உனக்கு வரும். இங்கே கோச்சிங் ஜூன் 10 தொடங்குகிறது. என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

சர்டிபிகேட்டுகள் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. உன் நன்மைக்காகத் தர மாட்டேன். நீயே ஒரு நாள் எனக்கு நன்றி சொல்வாய்.

இங்கே நர்ஸுகளைத் தினமும் பார்க்கிறேன். எங்கள் வார்டில் ஒருத்தி இருக்கிறாள். வாத்தியாரம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் திருத்தப் போகிறவள் மாதிரி பார்ப்பாள். இருபது வருடமாக டிரே தூக்கியவளுக்கு அந்தத் தோரணை. நான் முன்னால் போக, என் கூடப் பிறந்தவள் பின்னால் டிரே தூக்கிக்கொண்டு வருவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

அம்மாவிடம் சீருடைத் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல். வெட்டினால் வீண்.

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

துணியை வெட்டியாகிவிட்டது. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பெட்பேன்" என்ற இடம் வந்ததும் கத்தரியை எடுத்தவள், "வேண்டாம்" என்ற இடம் வருவதற்குள் ஒரு கை முழுக்க வெட்டிவிட்டாள். உனக்கு டாக்டர் கோட்டு தைத்ததும் அதே கத்தரிதான். அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

உன் நன்மையை நான் கேட்கவில்லை. என் காகிதங்களைக் கேட்டேன். ஒருவருடைய பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு அதற்கு நன்றியையும் எதிர்பார்ப்பதற்கு ஒரு பெயர் உண்டு. மூன்று நூலகத்தைப் படித்ததில் அந்தப் பெயரும் எனக்குத் தெரியும். எழுதவில்லை.

"சேவை மனப்பான்மை" என்று நான் உளறப்போகிறேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். நேர்முகத் தேர்வில் எனக்கு முன்னால் போன பதினோரு பேரும் அதைத்தான் சொன்னார்கள். கதவு மெல்லியது, எல்லாம் கேட்டது. ஒருத்தி சொல்லும்போதே அழுதாள். என்னிடம் கேட்டபோது, "எனக்குக் கவனிக்கத் தெரியும்" என்றேன். நடுவில் இருந்தவர், "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். இடம் கிடைத்தது.

அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை நடந்த ஒன்பது நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். நீ தேர்வில் இருந்தாய், குறை சொல்லவில்லை. டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு முறை வந்தார். அதிகபட்சம் நாற்பது வினாடி, என் கடிகாரத்தில் பார்த்தேன். ஐந்தாம் நாள் அம்மா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர் ஜாடியை மாற்ற வந்த நர்ஸ்தான், "ஏன் இன்னிக்கு என்னைத் திட்டல?" என்று கேட்டுக்கொண்டே நெற்றியைத் தொட்டார். காய்ச்சல். தையலில் சீழ். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. உன் நாற்பது வினாடி எனக்கு வேண்டாம்.

முதியோர் இல்லத்தில் நான் சேர்ந்து பத்து நாளாகிறது. நீண்ட தாழ்வாரம், இருபுறமும் எட்டு அறை, கடைசியில் துணி துவைக்கும் இடம். அங்கே வேலை பார்க்கும் ஆயாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. "படிச்ச கை துடைக்கிற அழகப் பாரு. பேனாவத் துடைக்கிற மாதிரி மனுசனத் துடைக்குது" என்கிறார். ஆறாம் அறையில் ஓய்வுபெற்ற நீதிபதி. எங்கள் எல்லோருக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் "ஏய்". நான் அவரையும் மதிக்கவில்லை, ஆயாவையும் மதிக்கவில்லை. எல்லோரையும் ஒரு புத்தகத்தில் வருகிறவர்கள் மாதிரி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு அது குடும்பச் சொத்து போலிருக்கிறது.

அதற்கு உடனே தண்டனை கிடைத்தது. பொறுப்பு நர்ஸ் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். என் தோள் உயரம். எல்லோரும் கடுகு என்கிறார்கள். ஏன் என்று கேட்காதே, காரம் குறையாத கடுகு. காலையில் அவர் என்னிடம், நாலாம் அறை அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்வரை வாயில் எதுவும் தரக் கூடாது, ஆறாம் அறை ஜட்ஜுக்குச் சர்க்கரை இல்லாமல் டீ கொடு என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டும்போதே, அந்த ஜட்ஜைப் பற்றி உனக்கு எப்படி எழுதலாம் என்று மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். வாக்கியம் நன்றாக வந்தது. டீ நாலாம் அறைக்குப் போய்விட்டது. அந்த அம்மா சந்தோஷமாகக் குடித்தார். மறுநாளும் அவர் பட்டினி கிடக்க வேண்டியதாயிற்று.

"தலையாட்டினியே, எதுக்கு ஆட்டின?" என்றார் கடுகு.

"புரிஞ்சுதுன்னு..."

"உனக்குப் புரிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பொம்மைகூடத் தலையாட்டும். நிறையப் படிக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க. காது மட்டும் படிக்கல போல."

பிறகு விதியைச் சொன்னார். இங்கே யார் என்ன சொன்னாலும், கேட்டவர் அதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் நகர வேண்டும். "டாக்டர் போன்ல மருந்து சொன்னாலும் இதான். எழுதி அவருக்கே வாசிச்சுக் காட்டணும். தப்புன்னா திருத்துவார். பதில் சொல்லாம போனை வெச்சுட்டா அந்த மருந்து கிடையாது. பழையதே ஓடும். யார் பெரியவங்க யார் சின்னவங்கன்னு இதுல ஒண்ணும் இல்ல."

ஆகவே திருப்பிச் சொல்கிறேன்: சான்றிதழ்கள் உன் பீரோவில் இருக்கின்றன, ஜூலை 15க்குள் எனக்கு வேண்டும். சரி என்று சொல்.

பூச்சி

*

மே 19

பூச்சி,

உன் கடுகும் விதியும். நாலு வயது மூத்தவள் சொன்னதை வேதம் மாதிரி எழுதுகிறாய், எட்டு வயது மூத்தவள் சொன்னால் ஏறவில்லை. உனக்கு என்மேல் பொறாமை. நான் படித்து முடித்துவிட்டேன், உன்னால் முடியவில்லை. நர்ஸிங் உனக்கு ஆசை இல்லை, எனக்குக் கொடுக்கும் தண்டனை. நாற்பது வினாடிக் கணக்கு யாருக்கு எழுதியது என்று எனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு காலையில் அறுபது பேர். நாற்பது வினாடி கொடுப்பதே பெரிய மனசு.

நீ எந்தக் கூட்டத்தில் போய்ச் சேரப்போகிறாய் என்பதற்கு இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸ். என்னோடு படித்தவர்கள் நாலு பேர், மாணவர்கள் ஆறு பேர், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வேறு. ஏழாம் கட்டிலில் இருக்கும் அம்மாளுக்கு ஓர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு எட்டாவது கட்டிலுக்குப் போய்விட்டேன். வாத்தியாரம்மா பின்னாலேயே வந்தாள். "டாக்டர், இதை ஒரு தடவை வாசிங்க" என்றாள். நான், "எழுதினதக் குடுங்க சிஸ்டர்" என்றேன். "வாசிங்க டாக்டர். வாசிச்சா குடுக்கறேன்" என்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு மாணவன் சிரித்தான். "நான் டாக்டரா நீங்க டாக்டரா?" என்று கேட்டேன். "நீங்கதான். அதனாலதான் உங்களை வாசிக்கச் சொல்றேன்" என்றாள். நான் வாசிக்கவில்லை. அவளும் ஊசி போடவில்லை. நேராகப் போய் என் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வேறு எழுதிக் கொடுத்தார்.

வார்டில் எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினாள். தப்பு முழுக்க அவள்மேல்தான். எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். இருபது வருட சர்வீஸ் போனாலும் போகட்டும், அடக்கம் என்றால் என்ன என்று தெரியட்டும்.

நீயும் நாளைக்கு ஒரு டாக்டர் முன்னால் இப்படித்தான் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிற்பாய். அதைப் பார்ப்பதைவிட உன் சர்டிபிகேட் என் பீரோவிலேயே மக்கிப்போகலாம்.

அக்கா

*

மே 30

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யார் எங்கே நின்றார்கள், யார் சிரித்தார்கள், அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், எல்லாம் இருக்கிறது. கதை எழுதினால் நன்றாக வருவாய். ஒன்று மட்டும் இல்லை. நீ எழுதிய அளவு என்ன?

உன் மேலதிகாரி "வேறு எழுதிக் கொடுத்தார்" என்கிறாய். எதற்கு வேறு? நீ எழுதியது சரியாக இருந்தால் அவர் அதையே அல்லவா திருப்பிக் கொடுத்திருப்பார்? ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டுவதற்கு ஐந்து வினாடி ஆகும். நாற்பதையே பெரிய மனசோடு கொடுக்கிறவளுக்கு ஐந்து கொடுக்க முடியவில்லை. ஏழாம் கட்டில் அம்மாள் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் உன் கடிதத்தில் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்றால், அது யாரால் என்று யோசித்துப் பார். யோசிக்க நேரமில்லை என்றால் விசாரணையில் அவர்கள் உனக்காக யோசிப்பார்கள்.

பொறாமை என்றாய். இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். உன் மணியான கையெழுத்தின்மேல் கொஞ்சம் இருந்தது. மற்றபடி இல்லை.

உன்னை நம்பிப் பயனில்லை என்று, தொலைந்த அசலுக்குப் பதிலாகத் தரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். எட்டாம் எண் ஜன்னல். அங்கே இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். "தொலைந்த விதம்" என்று ஒரு கட்டம். அதில், "தொலையவில்லை, அக்காவிடம் உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, அக்காகிட்ட இருந்தா அக்காகிட்டக் கேக்க வேண்டியதுதானே? எங்களை ஏம்மா கேக்கற?"

"கேட்டாச்சு சார். தர மாட்டேங்கறா."

"அப்ப பஸ்ல போகும்போது தொலைஞ்சுதுன்னு எழுதிக் குடு. போலீஸ்ல ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. வேலை முடிஞ்சுது."

"பஸ்ல தொலையல சார்."

"எல்லாரும் பஸ்லதான்மா தொலைப்பாங்க. இந்த ஊர்ல இருக்கற பஸ் எல்லாத்துலயும் இந்நேரம் மார்க் ஷீட்தான் குமிஞ்சு கெடக்கணும்." பக்கத்து ஜன்னல்காரரும் சேர்ந்து சிரித்தார். "சரி, என்னதான் தொலைஞ்சுது?"

படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எப்படி இருந்தாலும் அறுபது நாள் ஆகுமாம், ஜூலை 15க்குப் பத்தாது. பத்தினாலும், ஒரு வேலையின் முதல் காகிதத்திலேயே பொய் எழுதிவிட்டு அந்த வேலைக்குள் போக எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளி அட்டையில் நடக்காததை எழுதுகிறவளைக் கடுகு அன்றே அனுப்பிவிடுவார். உன் மருத்துவமனையில் எப்படியோ.

புகாரைத் திரும்ப வாங்கு. சான்றிதழை அனுப்பு. இரண்டில் ஒன்றைத்தான் செய்வாய் என்றால் முதலாவதைச் செய்.

பூச்சி

*

ஜூன் 12

உன் புத்திமதிக்கு நன்றி. பத்து நாள் வயசானவர்களுக்குச் சோறூட்டியதும் மருந்தளவு விசாரிக்க வந்துவிட்டாய். எலி வளையில் இருந்துகொண்டு யானைக்கு வைத்தியம் சொல்கிறாய்.

கோச்சிங் வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் நாள் நான் போய், "நாளைக்கு வந்துவிடுவாள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாள் அந்த ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். என்னை யாரும் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது. உனக்குத் தெரியும்.

இனி எழுதாதே. நாளைக்குச் சீருடை போட்டுக்கொண்டு என் மருத்துவமனைப் பக்கம் வந்து எல்லோர் எதிரிலும் "அக்கா" என்று கூப்பிட்டுவிடாதே. எனக்குத் தங்கை இல்லை. நீ எனக்குத் தங்கை இல்லை.

*

ஜூன் 26

அக்காவுக்கு,

இது கடைசிக் கடிதமாக இருக்கலாம், அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

நூற்றிருபது மணி நேரம் நேற்றோடு முடிந்தது. நீ சொன்ன வேலையைத்தான் பெரும்பாலும் செய்தேன். பெட்பேன் கழுவினேன். முதல் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கழுவினேன். உன் முகம்தான் என் முகத்தில் இருந்திருக்கும். அப்புறம், பார்க்காமல் கழுவுவது பாதி வேலை என்று தெரிந்தது.

போன வியாழக்கிழமை ஆறாம் அறை ஜட்ஜுக்குப் பெட்பேன் வைத்து எடுத்தேன். அவர் வழக்கம்போல, "ஏய், சீக்கிரம்" என்றார். எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்தேன். முந்தின நாள் மாதிரி இல்லை. கறுப்பாக, தார் மாதிரி, நாற்றமும் வேறாக இருந்தது. கொட்டாமல் மூடிவைத்துவிட்டுப் போய்க் கடுகிடம் சொன்னேன். எனக்கு அதன் பொருள் தெரியாது. நேற்றுப்போல இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அவர் வந்து பார்த்தார். நேராகப் போனுக்குப் போனார். டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதை அவருக்கே வரி வரியாக வாசித்துக் காட்டினார். இரண்டாவது வரியில் டாக்டர் ஒன்றைத் திருத்தினார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்த ஜட்ஜ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏய், நீதானா அது?" என்றார். அவ்வளவுதான். நன்றியெல்லாம் இல்லை. ஆயா மட்டும், "பேனா துடைக்கிற கைதான், ஆனா கண்ணு பரவால்ல" என்றார். இந்த இரண்டு மாதத்தில் நான் வாங்கிய ஒரே பாராட்டு. உன் பட்டத்துக்கு மாற்றாகக் கேட்டாலும் தர மாட்டேன்.

பெட்பேன் கழுவும் வேலை என்று நீ எழுதியது சரிதான் அக்கா. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது ஒருத்தி பார்த்துச் சொன்னால்தான் உன் மாதிரி ஆட்கள் எட்டாவது கட்டிலுக்கு நடக்கலாம். உங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் விதி விதிதான். நீ இதுவரை சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கே வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, அல்லது தவறு என்று எழுதி இந்தக் காகிதத்தையே திருப்பி அனுப்பு.

ஒன்று: நர்ஸ் வேலை என்பது பெட்பேன் கழுவும் வேலை.

இரண்டு: சான்றிதழ்களை என் நன்மைக்காகத் தர மாட்டாய்.

மூன்று: வாத்தியாரம்மா உன்னை அவமானப்படுத்தினார். தப்பு முழுக்க அவர்மேல்.

நான்கு: எனக்கு உன்மேல் பொறாமை.

ஐந்து: நான் உனக்குத் தங்கை இல்லை.

ஐந்து வினாடி போதும்.

*

ஜூலை 8

உன் காகிதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்று: சரி. இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன். ஜட்ஜ் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். ரத்தக்கசிவு என்று தெரியாமலேயே கண்டுபிடித்தாய். தெரிந்து கண்டுபிடிக்கிறவர்களுக்குத்தான் டாக்டர் என்று பெயர்.

இரண்டு: தவறு. நீல உறை இத்துடன் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள். இது உன் வாதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இடம் போய்விட்டால் அம்மா என் வாழ்நாள் முழுக்க அழுவாள், அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

மூன்று: தவறு. நான் எழுதியது பத்து. எழுத வேண்டியது ஒன்று. போட்டிருந்தால் அந்த அம்மாள் அன்றைய சாயங்காலத்தைப் பார்த்திருக்க மாட்டார். போன வாரம் நடந்தே வீட்டுக்குப் போனார். விசாரணையில் வாத்தியாரம்மாவைப் பேசச் சொன்னார்கள். "டாக்டரை வாசிக்கச் சொன்னேன், அவங்க வாசிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எண்ணைச் சொல்லவே இல்லை. அதை நான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள். என்ன திமிர் பார். சொன்னேன். புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது அவள் கண்ணாடியை இன்னும் கீழே இறக்கியிருக்கிறாள்.

நான்கு: தெரியாது. நீயே சொல்லிக்கொள்.

ஐந்து:

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீல உறை பன்னிரண்டாம் தேதி வந்தது. எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருக்கின்றன. உன் பீரோ வாசனையும் சேர்ந்து வந்திருக்கிறது. நேற்றுப் பள்ளியில் சரிபார்த்தவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிற தூரத்தில் வைத்துப் படித்துவிட்டு, "ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றார். "நான் வைக்கல சார்" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி போகிறேன்.

நகத்தை வெட்டிவிட்டேன். ஷூ கடிக்கிறது. அம்மா சட்டையில் கடிகாரம் குத்த உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறாள். அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு நின்றபோது, உன் கோட்டுக்கும் இப்படித்தான் பை கிழியாமல் இருக்க இரட்டைத் துணி வைத்ததாகச் சொன்னாள். உனக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருக்கத்தான் உள்ளே வைப்பார்களாம்.

முதலாவதைக் குறித்துக்கொண்டேன். அதைப் பற்றி நாம் சாகும்வரை சண்டை போடலாம். மூன்றாவதன் திருத்தத்தையும் குறித்துக்கொண்டேன். அதை எழுத உனக்கு எத்தனை காகிதம் கிழிக்க வேண்டியிருந்தது என்று கேட்க மாட்டேன். நான்காவதை மறுபடி தேடினேன். முன்பு சொன்ன கையெழுத்து மட்டும்தான்.

ஐந்தாவது வரிக்கு எதிரே நீ ஒன்றும் எழுதவில்லை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேனாவை ஊன்றிவிட்டு எடுத்த ஒரு மைத்துளி இருக்கிறது. கொஞ்ச நேரம் ஊன்றியிருக்கிறாய், பின்பக்கம்வரை ஊறியிருக்கிறது.

கையெழுத்து வாங்க இல்லத்துக்குப் போனபோது கடுகிடம் கேட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை, விதியை மட்டும்தான் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட அஞ்சு வரி வாசிச்சுக் காட்டறோம். நாலுக்குப் பதில் சொல்லிட்டு, அஞ்சாவதுக்கு ஒண்ணும் சொல்லாம போனை வெச்சுட்டாங்கன்னா?"

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அந்த உத்தரவு கிடையாது. பழையதே ஓடும். இது தெரியாமலா நூத்தி இருபது மணி நேரம் இங்க சுத்தின?"

"தெரியும். உங்ககிட்டத் திருப்பிச் சொல்லிப் பாத்தேன்" என்றேன்.

"சரி" என்றார்.

இப்படிக்கு,
பழையபடி உன் தங்கை,
பூச்சி